மொறிஸ் ஜார்: இசை தெரியும், பெயர் தெரியாது

கல்முனையில இருந்து நிந்தவூர் வரைக்கும் கடற்கரையோரமா இருக்கிற ஊர்களில் 'த மெசேஜ்' படம் பார்க்காத வீடு ஒன்றைக் கண்டுபிடிப்பது கஷ்டம். வாப்பாமார் வீடியோ கசட்டில் பார்த்தார்கள். நாங்கள் வீசீடியில் பார்த்தோம். இப்போதுள்ள பிள்ளைகள் போனில் பார்க்கிறார்கள். ஹம்ஸா (றழி) வேட்டையிலிருந்து வந்து அபூஜஹ்லை வில்லால் அடிக்கிற காட்சியும், பிலால் (றழி) பாங்கு சொல்கிற காட்சியும் எங்களில் பலருக்குப் பாடம். நடித்தவர் அந்தோனி குயின் என்று சொல்ல ஆளிருக்கிறது. இயக்கியவர் முஸ்தபா அக்காட் என்று சொல்லவும் சிலர் இருக்கிறார்கள். "அந்தப் படத்துக்கு மியூசிக் யாரு?" என்று கேட்டால்தான் பதில் வராது.

அவர் பெயர் மொறிஸ் ஜார். பிரான்ஸ்காரர். லியோன் நகரத்தில் 1924 செப்டெம்பர் 13 இல் பிறந்தவர். 'லோரன்ஸ் ஒஃப் அரேபியா', 'டொக்டர் ஷிவாகோ', 'எ பசேஜ் டு இந்தியா' ஆகிய மூன்று படங்களுக்கும் ஒஸ்கார் வாங்கியவர். 'மெசேஜ்' தவிர, எங்கட ஆக்கள் இன்னும் கண் கலங்கிப் பார்க்கிற 'லயன் ஒஃப் த டெசேட்' படத்துக்கும், அதாவது உமர் முக்தாரின் கதைக்கும், இசை இவர்தான்.

இதை ஒரு பொது அறிவுத் துணுக்காக எழுதவில்லை. இசை பற்றி எங்கட ஊர்களில் நடக்கிற வாக்குவாதத்துக்குள் இந்த மனுசனைக் கொண்டுவந்து நிறுத்த வேண்டும் என்பதுதான் என் எண்ணம். போன நோன்புப் பெருநாளுக்குப் பிறகு ஒரு காக்காவோடு கதைத்துக்கொண்டிருந்தபோது அவர் சொன்னார்: "மியூசிக் எண்டாலே ஹறாம்தானே தம்பி." நான் கேட்டேன்: "அப்ப மெசேஜ் படத்துல வாறது?" கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்: "அது வேற."

அந்த "அது வேற" என்பதற்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் இந்தக் கட்டுரை.

எந்திரவியல் விட்டுத் தாளத்துக்கு

ஜாரின் தகப்பன் வானொலியில் தொழில்நுட்பப் பொறுப்பில் இருந்தவர். மகனும் முதலில் எந்திரவியல் படிக்கத்தான் சேர்ந்தார். பிறகு அதைப் பாதியில் விட்டுவிட்டு, பாரிஸ் இசைக் கல்லூரிக்குப் போனார். அங்கே அவர் பிரதானமாக எடுத்தது பியானோவோ வயலினோ இல்லை, தாள வாத்தியங்கள். சினிமா இசையமைப்பாளர்களில் பெரும்பாலானவர்கள் மெட்டிலிருந்து தொடங்குவார்கள். இவர் அடியிலிருந்து தொடங்கியவர். 'லோரன்ஸ்' படத்தைத் திரும்பக் கேட்டுப் பாருங்கள். படம் தொடங்குவதற்கு முன், திரை கறுப்பாக இருக்கும்போதே இசை வருகிறது. அதில் முதலில் வருவது முரசு. மெட்டு அதுக்குப் பிறகுதான்.

விஞ்ஞானத்திலிருந்து இசைக்குப் போவது காரைதீவு ஆக்களுக்குப் புதிசில்லை. எங்கட ஊரில் பிறந்த விபுலாநந்த அடிகள் இலண்டன் பல்கலைக்கழக விஞ்ஞானப் பட்டதாரி. விஞ்ஞானம் படிப்பித்துவிட்டு, பழந்தமிழர் யாழின் சுருதிகளைக் கணக்குப் போட்டுத் தேடி, 1947 இல் 'யாழ் நூல்' வெளியிட்டவர். ஒலி என்பது அளக்கக்கூடிய ஒன்று, அதே நேரம் மனசை அசைக்கக்கூடிய ஒன்று என்று அவருக்குத் தெரிந்திருந்தது. ஜாருக்கும் அது தெரிந்திருந்தது. 'ஓன்ட் மார்த்தெனோ' என்று ஒரு ஆரம்பகால மின்னணு வாத்தியம். சின்தசைசர் வருவதற்குப் பல வருடம் முந்தியது. அதைக் கண்டுபிடித்த மொறிஸ் மார்த்தெனோவிடமே ஜார் அதைக் கற்றார். 'லோரன்ஸ்' படத்தில் பாலைவன வெயில் நடுங்குவதுபோல ஒரு சத்தம் வரும். அது இந்த வாத்தியம்.

1951 இலிருந்து பத்து வருடத்துக்கு மேலாக அவர் பாரிஸில் ஜோன் விலார் நடத்திய மக்கள் தேசிய அரங்கின் இசைப் பொறுப்பாளர். நாடகத்துக்கு இசை செய்வது தனிப் பயிற்சி. நடிகர் பேசும்போது இசை வாயை மூட வேண்டும். காட்சி மாறும் இடத்தில் பத்து விநாடிக்குள் ஒரு ஊரைக் கட்டிவிட வேண்டும். அங்கே அவர் எழுதிய எக்காள இசை ஒன்று அவிஞ்ஞோன் நாடக விழாவில் இன்றைக்கும் நாடகம் தொடங்கும் அடையாளமாக ஒலிக்கிறது. சினிமாவுக்கு வந்ததும் சின்னதாகத்தான். 1952 இல் ஜோர்ஜ் ஃபிரஞ்ஜு எடுத்த ஒரு ஆவணக் குறும்படம் அவரது முதல் வேலை.

ஆறு கிழமை

இயக்குநர் டேவிட் லீனை இலங்கையர் எங்களுக்குக் கொஞ்சம் தெரியும். கித்துல்கலவில் பாலம் கட்டி, வெடித்துத் தகர்த்து, 'த பிரிட்ஜ் ஒன் த ரிவர் குவாய்' (1957) எடுத்த ஆள். அடுத்ததாக அவர் எடுத்த படம் 'லோரன்ஸ்'. அதற்கு இசையமைக்க முதலில் யோசிக்கப்பட்டவர்கள் பெரிய ஆட்கள்: சோவியத்தின் கச்சதூரியன், இங்கிலாந்தின் பெஞ்சமின் பிரிட்டன். அவர்கள் சரிவரவில்லை. பிறகு அமெரிக்காவின் ரிச்சர்ட் ரொஜர்ஸ். அவர் எழுதிய மெட்டுக்கள் லீனுக்குப் பிடிக்கவில்லை. 'சண்டேஸ் அன்ட் சிபெல்' என்ற சின்னப் பிரெஞ்சுப் படத்துக்கு ஜார் செய்திருந்த இசையைக் கேட்டிருந்த தயாரிப்பாளர் சாம் ஸ்பீகல், அவரைத் துணை வேலைக்கு எடுத்து வைத்திருந்தார். கடைசியில் முழு வேலையும் அவர் தலையில் விழுந்தது. கையில் இருந்தது ஆறு கிழமை. எழுத வேண்டியது கிட்டத்தட்ட இரண்டு மணித்தியால இசை.

எழுதினார். ஒஸ்காரும் வாங்கினார். அதற்குப் பிறகு லீன் எடுத்த எல்லாப் படங்களுக்கும் ஜார்தான் இசை.

'டொக்டர் ஷிவாகோ' (1965) கதை இன்னும் நல்லது. லாராவுக்கு ஒரு மெட்டு வேண்டும். ஜார் போட்டுக் காட்டுகிறார், லீன் வேண்டாம் என்கிறார். இப்படியே பல தடவை. கடைசியில் லீன் சொன்னதாக ஜாரே பல இடங்களில் சொல்லியிருக்கிறார்: ஷிவாகோவை மற, ரஷ்யாவை மற, உன் காதலியோடு மலைப்பக்கம் போ, அவளை நினைத்து ஒன்று எழுது. போய்விட்டு வந்து எழுதியதுதான் 'லாராவின் மெட்டு'. அதை வாசிக்க பலலைக்கா என்ற ரஷ்ய நரம்பு வாத்தியக்காரர்கள் வேண்டும். ஹொலிவூட் ஸ்டூடியோக்களில் அப்படி ஆளில்லை. லொஸ் ஏஞ்சலிஸில் இருந்த ரஷ்யத் தேவாலயங்களில் தேடி இருபதுக்கும் மேற்பட்டவர்களைப் பிடித்தார்கள். அவர்களுக்கு இசைக் குறிப்பு வாசிக்கத் தெரியாது. ஜார் பக்கத்தில் இருந்து வாயால் சொல்லிக் கொடுத்து, மனப்பாடமாக வாசிக்க வைத்தார்.

இந்த இடத்தைக் கவனியுங்கள். குறிப்பு வாசிக்கத் தெரியாதவர்கள் என்று அவர்களைத் தள்ளிவிடவில்லை. உலகத்துக்குத் தெரிந்த ரஷ்ய மெட்டு என்று இன்றைக்கு ஆக்கள் நினைப்பதை எழுதியவர் லியோனில் பிறந்த ஒருவர், வாசித்தவர்கள் தேவாலயத்துக்கு வந்துபோன சாதாரண ஆட்கள்.

ஜாரைத் தூக்கிப் பிடிக்க மட்டும் நான் இதை எழுதவில்லை. 'லோரன்ஸ்' படத்து இசை அழகு, சந்தேகமில்லை. ஆனால் அது அறபிகளின் பாலைவனம் இல்லை. ஒரு ஐரோப்பியன் கனவு காண்கிற பாலைவனம். அந்தப் படத்தில் அறபிகள் ஒரு பிரித்தானிய அதிகாரிக்குப் பின்னால் போகிறார்கள், இசையும் அவனுக்குப் பின்னால் போகிறது. 'எ பசேஜ் டு இந்தியா' (1984) இன்னொரு உதாரணம். ஃபொஸ்டரின் நாவல் வெளிவந்தது 1924 இல், ஜார் பிறந்த அதே வருடம். படத்தின் பெரும்பகுதி எடுக்கப்பட்டது பெங்களூரிலும் அதன் சுற்றுவட்டாரத்திலும். ஆனால் அதன் பிரதான இசையில் என் காதுக்கு இந்தியா குறைவாகவும், அந்தக் காலத்து ஆங்கிலேயர் கிளப்பில் ஆடுகிற மெட்டு அதிகமாகவும் கேட்கிறது. கதையே ஒரு குகைக்குள் கேட்கும் எதிரொலியைச் சுற்றித்தான் நடக்கிறது. அப்படிப்பட்ட படத்தில் அந்த மண்ணின் சத்தம் இன்னும் கொஞ்சம் இருந்திருக்கலாம். ஒஸ்கார் கொடுத்துவிட்டார்கள் என்பதால் இதைச் சொல்லாமல் விட முடியாது.

காட்டக் கூடாதவரைக் கேட்க வைப்பது

'மெசேஜ்' வேறு வகையான வேலை.

ஹலபில் பிறந்து அமெரிக்காவில் சினிமா படித்த முஸ்தபா அக்காட் இந்தப் படத்தை எடுக்கத் தொடங்கியபோது எல்லை தெளிவாக இருந்தது. நபி (ஸல்) அவர்களின் முகம் வரக் கூடாது. குரலும் வரக் கூடாது, நிழலும் வரக் கூடாது. மனைவிமாரையும் காட்டக் கூடாது. அலி (றழி) அவர்களுக்குப் பதிலாக வாள் மட்டும்தான் திரையில் வருகிறது. கதையின் நடுவில் இருக்கிறவரை முழுக்க மறைத்துவிட்டு மூன்று மணித்தியாலப் படம் எடுக்க வேண்டும். உலகத்தில் எந்த இயக்குநருக்கும் இப்படியொரு நிபந்தனை வந்திருக்காது.

அக்காட் கண்டுபிடித்த வழி எல்லோருக்கும் தெரியும். நபியவர்கள் இருக்கும் காட்சிகளில் கெமராவே அவர்களின் பார்வையாக மாறிவிடும். நடிகர்கள் கெமராவைப் பார்த்துப் பேசுவார்கள், பதில் கேட்டதுபோலத் தலையாட்டுவார்கள். அவர்கள் சொன்னதை ஹம்ஸாவோ, ஸைதோ, பிலாலோ எடுத்துச் சொல்வார்கள்.

பலர் கவனிக்காமல் விட்டது ஒன்று இருக்கிறது. நபியவர்கள் அருகில் இருக்கிறார்கள் என்பதை அந்தப் படம் மெல்லிய ஓர்கன் இசையால் சொல்கிறது. அந்தச் சத்தம் மெதுவாக வந்தால், அவர்கள் இருக்கிறார்கள் என்று அர்த்தம். யாரும் எங்களுக்கு அப்படிச் சொல்லித்தரவில்லை. ஆனாலும் சின்ன வயசிலேயே எங்களுக்கு அது விளங்கியது.

ஒரு சோதனை செய்து பாருங்க மச்சான். அந்தக் காட்சிகளில் ஒன்றை எடுத்து, சத்தத்தை முழுக்கக் குறைத்துவிட்டுப் பாருங்கள். ஆட்கள் வெறும் காற்றைப் பார்த்துப் பேசுவார்கள், காற்றுக்குத் தலையாட்டுவார்கள். கொஞ்சம் சிரிப்பாகக்கூட இருக்கும். பிறகு சத்தத்தைக் கூட்டிவிட்டுத் திரும்பப் பாருங்கள். அந்த வெற்றிடம் நிறைந்துவிடும். படத்தால் செய்ய முடியாததை, வசனத்தால் செய்யக் கூடாததை, இசை செய்திருக்கிறது. கண்ணியத்தைக் கொஞ்சமும் மீறாமல் செய்திருக்கிறது.

ஓர்கன் தேவாலயத்து வாத்தியம். எழுதியவர் பிரெஞ்சுக்காரர். இருந்தாலும் அந்தச் சத்தத்தை எங்கட வீடுகளில் யாரும் வேற்றுச் சத்தமாக நினைக்கவில்லை. ஏன்? எல்லை எது என்று அவருக்குச் சொல்லப்பட்டது, அவர் அந்த எல்லைக்குள் நின்று வேலை செய்தார். 'லோரன்ஸ்' படத்தில் ஒட்டகங்கள் வரும்போது இசை வானத்துக்குப் போகும். 'மெசேஜ்' படத்தில், மிக முக்கியமான இடத்தில், இசை குரலைத் தாழ்த்துகிறது. எங்கே சத்தமாக வாசிக்க வேண்டும் என்பதைக் காட்டிலும் எங்கே தாழ்த்த வேண்டும் என்று தெரிவது கஷ்டம். நாடக மேடையில் பத்து வருடம் இருந்த ஆளுக்கு அது தெரிந்திருக்கிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அக்காட் இந்தப் படத்தை இரண்டு தடவை எடுத்தார். ஆங்கிலத்தில் அந்தோனி குயின் ஹம்ஸா, அறபியில் அப்துல்லாஹ் கைத் ஹம்ஸா. அதே செட், வேறு நடிகர்கள். பிறகு எத்தனையோ மொழிகளில் குரல் போட்டார்கள், தமிழ்க் குரல் போட்ட பிரதிகளும் சுற்றுகின்றன. நடிகர் மாறினார், மொழி மாறியது. இரண்டு பதிப்புக்கும் பொதுவாக நின்றது ஜாரின் இசை. கெய்ரோவில் ஒருவர் அழுத அதே சத்தத்துக்குத்தான் சாய்ந்தமருதிலும் ஒருவர் அழுதிருக்கிறார்.

படம் லேசாக வெளிவரவில்லை. மொறோக்கோவில் படப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தபோதே நெருக்குதல் வந்து நிறுத்தப்பட்டது. மிச்சத்தை லிபியாவில்தான் எடுத்தார்கள். 1977 மார்ச்சில் அமெரிக்காவில் திரையிடத் தொடங்கிய நேரம், வொஷிங்டனில் ஆயுதக் குழு ஒன்று மூன்று கட்டடங்களில் நூற்றுக்கு மேற்பட்டவர்களைப் பிணையாகப் பிடித்தது. அவர்களின் கோரிக்கைகளில் ஒன்று இந்தப் படத்தை நிறுத்த வேண்டும் என்பது. ஒரு இளம் வானொலிச் செய்தியாளர் கொல்லப்பட்டார். அந்தோனி குயின் நபியவர்களாக நடிக்கிறார் என்ற வதந்தி அப்போது பரவியிருந்தது. படத்தைப் பார்த்த யாரும் அதை நம்பியிருக்க மாட்டார்கள்.

அடுத்த வருட ஒஸ்காரில் 'மெசேஜ்' இசைக்கு ஜாரின் பெயர் பரிந்துரைக்கப்பட்டது. அந்த வருடம் ஜோன் வில்லியம்ஸின் 'ஸ்டார் வோர்ஸ்' இருந்தது, யாரும் அதை வெல்ல ஏலாது. ஒரு காலத்தில் பல முஸ்லிம் நாடுகளில் போட முடியாமல் இருந்த அதே படம், 2018 நோன்புப் பெருநாளைக்கு சவூதியின் திரையரங்குகளில் ஓடியது. அதைப் பார்க்க அக்காட் உயிரோடு இல்லை. 2005 நவம்பரில் அம்மான் ஹோட்டல் குண்டுவெடிப்பில் அவரும் மகளும் கொல்லப்பட்டார்கள். ஜாரும் இல்லை.

அக்காட்டோடு ஜார் திரும்பவும் சேர்ந்த படம் 'லயன் ஒஃப் த டெசேட்', 1981. லோரன்ஸ் என்ற ஆங்கிலேயனுக்கு முரசு அடித்த அதே கை, இருபது வருடம் கழித்து, இத்தாலியரை எதிர்த்து நின்று தூக்குக்குப் போன ஒரு குர்ஆன் ஆசிரியருக்கு இசை எழுதியது. இத்தாலி அந்தப் படத்தைத் தன் இராணுவத்தின் கௌரவத்துக்குக் கேடு என்று சொல்லித் தடுத்து வைத்தது. அங்கே தொலைக்காட்சியில் அது வந்தது 2009 ஜூனில், ஜார் இறந்து மூன்று மாதம் கழித்து. இது கொள்கையா, கூலி வேலையா என்று கேட்கலாம். எனக்குத் தோன்றுவது இவ்வளவுதான்: ஒவ்வொரு படத்திலும் அவர் முதலில் கேட்டுக்கொண்ட கேள்வி, இந்தக் கதை யார் பக்கத்திலிருந்து சொல்லப்படுகிறது என்பது. சொல்கிறவர் மாறியபோது இசையும் மாறியது.

ரஹ்மானிடம் வந்த அதே கேள்வி

2015 இல் ஈரானிய இயக்குநர் மஜீத் மஜீதி, நபியவர்களின் சிறுபராயம் பற்றி ஒரு படம் எடுத்தார். அதற்கு இசை ஏ. ஆர். ரஹ்மான். அந்த செப்டெம்பரில் மும்பையின் றஸா அகாடமி, மஜீதிக்கும் ரஹ்மானுக்கும் எதிராக ஃபத்வா வெளியிட்டது. ரஹ்மான் சண்டைக்குப் போகவில்லை. நான் மார்க்க அறிஞன் இல்லை, நல்லெண்ணத்தோடு செய்தேன் என்று எழுதினார். கூடவே ஒரு கேள்வியும் கேட்டார்: மறுமையில் இறைவன் என்னிடம், உனக்கு ஈமானும் திறமையும் புகழும் தந்தேனே, என் நேசருக்காக எடுத்த படத்துக்கு ஏன் இசை செய்யவில்லை என்று கேட்டால் நான் என்ன சொல்வது? அதுதான் அந்தக் கேள்வியின் சாரம்.

ஜார் வெளி ஆள் என்பதால் இந்தக் கேள்வி அவரிடம் வரவில்லை. ரஹ்மான் உள்ளே இருப்பவர், அதனால் வந்தது. வேறொருத்தர் செய்து தந்தால் நாங்கள் குடும்பமாக இருந்து பார்ப்போம். எங்கட பிள்ளை செய்தால் பிழை. அந்தக் காக்கா சொன்ன "அது வேற" என்பதற்கு எனக்குக் கிடைத்த அர்த்தம் இது. இந்தக் கணக்கு எனக்குச் சரியாகப் படவில்லை.

இசை கூடுமா கூடாதா என்பதில் உலமாக்களிடையே ஒரே கருத்து இல்லை. நான் ஃபத்வா கொடுக்க வரவில்லை. கூடாது என்று நம்பி, முழுக்க விலகி இருக்கிறவர்களை எனக்கு மதிக்கத் தெரியும். அவர்கள் சொல்வதும் செய்வதும் ஒன்று. என்னுடைய வாதம் மிச்சப் பேரோடு. அதாவது எங்களில் பெரும்பாலானோரோடு. பெருநாளைக்கு 'மெசேஜ்' போடுவோம், நாகூர் ஹனீபாவின் குரலில் வளர்ந்தோம், போனில் ரிங்டோன் வைப்போம். ஆனால் மகன் கீபோர்ட் பழகப் போகிறேன் என்றால், மகள் பாடப் போகிறேன் என்றால் முகம் மாறும். பள்ளிக்கூடத்தில் அழகியல் பாடம் என்று வந்தால் சித்திரம் எடு என்று சொல்லி அந்தக் கதையை முடித்துவிடுவோம்.

இதனால் வருகிற நட்டம் என்னவென்றால், எங்கட கதைக்கு எப்போதும் வேறொருத்தர்தான் இசை போட வேண்டியிருக்கிறது. நல்ல மனுசர் வந்தால் 'மெசேஜ்' மாதிரி வரும். இல்லாவிட்டால், எந்த ஹொலிவூட் படத்தில் முஸ்லிம் ஊர் வந்தாலும் பின்னணியில் ஒரே மாதிரி ஒப்பாரிக் குரல் ஒன்று போகுமே, அது வரும். எங்கட பிள்ளைகள் இப்போது குறும்படம் எடுக்கிறார்கள், சந்தோசம். ஆனால் பின்னணி இசையை இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிற கோப்பில் இருந்து எடுக்கிறார்கள். மீன்பிடிக் கதைக்கு துருக்கி நாடகத்து இசை ஓடுகிறது.

எங்களிடம் சத்தம் இல்லாமலா? கல்முனைக் கடற்கரைப் பள்ளிக் கொடியேற்றத்துக்கு வாற பக்கீர் பாவாமார் றபான் அடிப்பதைக் கேட்டிருக்கிறீர்களா? அது தாளம் மட்டும்தான், ஆனால் நெஞ்சுக்குள்ளே போய் அடிக்கும். பொல்லடியில் கம்பு கம்போடு மோதுகிற கணக்கு இருக்கிறது. உம்மாமார் கலியாண வீட்டில் போடுகிற குரவை இருக்கிறது. வயல் காவலில் பாடின கவிகள் இருக்கின்றன. காரைதீவுப் பக்கம் வந்தால் கண்ணகை அம்மன் கோயில் வைகாசிக் குளிர்த்தியில் உடுக்கும் பாட்டும். ஒரே பிரதான வீதியில் நாலைந்து கிலோமீற்றருக்குள் இவ்வளவும் இருக்கிறது. தாள வாத்தியக்காரரான ஜார் மாதிரி ஒருவர் இங்கே பிறந்திருந்தால், பாவாமாரின் றபானிலிருந்தே ஒரு படத்தைத் தொடங்கியிருப்பார் என்று நான் நினைக்கிறேன். குறிப்பு வாசிக்கத் தெரியாதவர்களைத் தேடிப்போய் பலலைக்கா வாசிக்க வைத்த ஆள் அவர்.

பெயரைத் தெரிந்துகொள்வது ஏன் முக்கியம்

ஜார் 1980களில் பெரிய வாத்தியக் குழுவை விட்டு சின்தசைசருக்கும் போனார். 'விட்னஸ்' (1985) படத்தில் மின்சாரமே பாவிக்காத ஒரு சமூகத்தின் கதைக்கு முழுக்க மின்னணு இசை போட்டார். 'டெட் பொயட்ஸ் சொசைட்டி' (1989), 'கோஸ்ட்' (1990) எல்லாம் அவர் வேலைதான். மகன் ஜோன்-மிஷெல் ஜார் மின்னணு இசையில் உலகப் புகழ் பெற்றவர். பெற்றோர் சின்ன வயசிலேயே பிரிந்துவிட்டதால் தகப்பனோடு ஒட்டாமலே வளர்ந்தவர். ஒரே தொழில், ஒரே பெயர், நடுவில் ஒரு சமுத்திரம்.

2009 பெப்ரவரியில் ரஹ்மான் ஒஸ்கார் மேடையில் நின்றார். அதே மாதம் பேர்லின் திரைப்பட விழா ஜாருக்குக் கௌரவத் தங்கக் கரடி கொடுத்தது. மார்ச் கடைசியில் அவர் அமெரிக்காவில் இறந்துபோனார். வயது 84.

அவர் இறந்த செய்தி வந்த கையோடு நடந்தது ஒன்றை நீங்கள் தெரிந்திருக்க வேண்டும். டப்ளினில் ஒரு பல்கலைக்கழக மாணவர், பத்திரிகைகள் தகவலைச் சரிபார்க்கின்றனவா என்று சோதிக்க, ஜாரின் விக்கிபீடியாப் பக்கத்தில் அவர் சொன்னதாக ஒரு அழகான மேற்கோளைத் தானே எழுதிச் சேர்த்தார். வாழ்க்கையே இசை, மரணத்தின்போதும் இசை என்கிற மாதிரி உருக்கமான வாசகம். விக்கிபீடியாவில் இருந்தவர்கள் ஆதாரம் இல்லை என்று அதை நீக்கினார்கள். ஆனால் அதற்குள் லண்டனின் 'கார்டியன்' உட்பட உலகத்தின் பல பத்திரிகைகள் அதை அஞ்சலிக் குறிப்பில் போட்டுவிட்டன. அந்த மாணவரே ஒரு மாதம் கழித்து எழுதி அறிவிக்கும் வரைக்கும் ஒருவரும் கண்டுபிடிக்கவில்லை.

வட்ஸ்அப்பில் வருவதை ஆதாரம் பார்க்காமல் அடுத்தவருக்குத் தள்ளுகிற எங்களுக்கு இதில் பாடம் இருக்கிறது, அதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கள். எனக்கு இதில் வேறொன்று உறைக்கிறது. அவர் இசையை உலகம் முழுக்கக் கேட்டது. ஆனால் அவர் எப்படிப் பேசுவார், எதைச் சொல்வார், எதைச் சொல்லவே மாட்டார் என்று தெரிந்த ஆள் அந்தப் பத்திரிகை அலுவலகங்களில் இருக்கவில்லை. அதனால் எந்த வாயையும் அவர் முகத்தில் ஒட்ட முடிந்தது. ஒருவரின் வேலையை எடுத்துக்கொண்டு ஆளை அறியாமல் விட்டால் இதுதான் நடக்கும். பாவாமாரின் றபானுக்கும் நாளைக்கு இது நடக்கலாம். அடித்தவர் யார், எந்த ஊர், யாரிடம் பழகினார் என்று ஒன்றும் இல்லாமல், "பழைய கலாசாரம்" என்று தலைப்புப் போட்ட ஒரு நிமிட வீடியோவாக மட்டும் மிஞ்சும்.

ஆகவே வாசிக்கிற தம்பி தங்கச்சிமாரிடம் இரண்டு விசயம் கேட்கிறேன். படம் எடுக்கிற ஆக்கள், அடுத்த குறும்படத்துக்கு இணையத்துக் கோப்பைப் பாவிக்காமல், எங்கட பக்கத்தில் ஒருவரைத் தேடிப்போய் வாசிக்க வைத்துப் பதியுங்கள். கீபோர்ட் தெரிந்த பிள்ளையாக இருக்கட்டும், றபான் அடிக்கிற மூத்தவராக இருக்கட்டும், காரைதீவில் உடுக்கு அடிக்கிறவராக இருக்கட்டும். கடைசியில் அவர் சம்மதத்தோடு அவர் பெயரைப் பெரிதாகப் போடுங்கள். கல்லடியில் விபுலாநந்தரின் பெயரிலேயே அழகியல் கற்கைகள் நிறுவகம் இருக்கிறது, அங்கே படிக்கிற பிள்ளைகளையும் கூப்பிடலாம்.

படம் பார்க்கிற ஆக்கள், வருகிற பெருநாளைக்கு 'மெசேஜ்' போட்டால், வீட்டில் இருக்கிற சின்னப் பிள்ளைகளிடம் சொல்லுங்கள்: இந்தச் சத்தம் மெதுவாக வரும்போது கவனிங்க, இதைச் செய்தவர் பெயர் மொறிஸ் ஜார். பிறகு அந்தப் பிள்ளை, நானும் இப்படி ஒன்று செய்யப் பழகவா என்று கேட்டால், "அது வேற" என்று சொல்லிவிடாதீர்கள்.